சுவிசின் மத்தியகளம்: அகதிப் பிள்ளைகள் அணித்தலைவர்களான கதை

சுவிஸ் தேசிய அணிக்காக இதுவரை அதிக ஆட்டங்கள் ஆடியவர் கிரனிட் ஜாக்கா. 118 ஆட்டங்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதலிடத்தில் இருந்த ஹைன்ஸ் ஹெர்மானை அவர் 2023இல் தாண்டினார். இருவருமே மத்தியகள வீரர்கள். ஒருவர் சுவிஸ்காரப் பெயர் கொண்டவர். மற்றவரின் தகப்பனார் கொசோவோவிலிருந்து வந்தவர். அரசியல் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காக யூகோஸ்லாவியச் சிறையில் மூன்றரை ஆண்டுகள் கிடந்தவர்.

மக்கள்தொகை 90 லட்சத்தைச் சுற்றி நிற்கும் ஒரு நாடு இது. பனிச்சறுக்கும் ஐஸ் ஹொக்கியும் பிள்ளைகளைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அப்படியிருந்தும் ஜேர்மனி, இத்தாலி, இங்கிலாந்து ஆகிய மூன்று நாட்டு முதல்தரக் கழகங்களுக்கும் முப்பது ஆண்டுகளாக மத்தியகள வீரர்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எப்படி முடிகிறது? அதே காலத்தில், அதே அகதி முகாம்கள் வழியாக, அதே உணவகச் சமையலறைகளுக்கு வந்து சேர்ந்த எங்கள் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஏன் இன்னும் ஒருவர் அந்த அணியில் இல்லை? இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை தெளிவாகும் என்பது என் எண்ணம்.

இந்த ஆட்டத்தை சுவிசுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். லவுசானில் 1860இலேயே ஆங்கிலேய மாணவர்கள் உதைபந்தும் கிரிக்கெட்டும் ஆடக் கழகம் வைத்திருந்தார்கள். சூரிச்சின் கிராஸ்ஹொப்பர் கழகத்தை 1886இல் தொடங்கியவர் டொம் கிரிஃபித் என்ற ஆங்கிலேய மாணவர். கழகத்தின் பெயரே அதைச் சொல்லும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவிஸ் வெள்ளிப் பதக்கம் வென்றபோது பயிற்சி கொடுத்தவர்களில் டெடி டக்வர்த், ஜிம்மி ஹோகன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இருந்தார்கள். 1966க்குப் பிறகு 28 ஆண்டுகள் உலகக்கிண்ணத்தை எட்டிப் பார்க்காத அணியை 1994இல் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றவரும் ஓர் ஆங்கிலேயர்தான், ரோய் ஹொட்ஜ்சன். அந்த 1966 உலகக்கிண்ணம் இங்கிலாந்தில் நடந்தது. ஷெஃபீல்டில் ஊரடங்கு நேரம் தாண்டி விடுதிக்குத் திரும்பிய குற்றத்துக்காக யக்கொப் கூன் என்ற மத்தியகள வீரரையும் இன்னும் இருவரையும் பயிற்சியாளர் அல்ஃபிரெடோ ஃபோனி ஆட்டத்திலிருந்து நீக்கினார். அதே கூன் பிற்பாடு 2001 முதல் 2008 வரை தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்து, நாடு முழுவதும் ‘கேபி’ என்று செல்லமாக அழைக்கும் மனிதரானார். பிடிவாதமான சுவிஸ் ஒழுங்கும் மன்னிக்கத் தெரிந்ததுதான், கொஞ்சம் காலம் எடுக்கும்.

ஹொட்ஜ்சன் அணியின் மத்தியகளத்தில் நின்றவர் சிரியாக்கோ ஸ்ஃபோர்ட்சா. ஆர்காவு மாநிலத்தின் வோலன் என்ற சிற்றூரில் இத்தாலியத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த நாள் 1970 மார்ச் 2. அதற்கு மூன்று மாதம் கழித்து, ஜூன் 7ஆம் திகதி, சுவிஸ் ஆண்கள் ஒரு வாக்கெடுப்புக்குப் போனார்கள். பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் அப்போது வாக்குரிமை இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் வெளிநாட்டவர் தொகை பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஜெனீவாவுக்கு மட்டும் விலக்கு என்பது ஜேம்ஸ் சுவார்ட்சென்பாக் கொண்டுவந்த அந்தப் பிரேரணையின் சாரம். 54 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். மறுபக்கம் சாய்ந்திருந்தால் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போகவேண்டி வந்திருக்கும். தொட்டிலில் கிடந்த அந்தக் குழந்தையின் குடும்பமும் அதில் இருந்திருக்கலாம். ஸ்ஃபோர்ட்சா தேசிய அணிக்கு 79 ஆட்டங்கள் ஆடினார். 1998இல் இரண்டாம் பிரிவிலிருந்து அப்போதுதான் ஏறிவந்த கைசர்ஸ்லவுட்டன் அணி ஜேர்மன் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனபோது அதன் மத்தியகளத்தை நடத்தினார்.

சுவிஸ் உதைபந்தாட்டத்தின் நவீன வரலாறு இந்த வாக்குச் சீட்டுகளின் ஓரமாகவே நடந்து வருகிறது. 2014 பெப்ரவரி 9ஆம் திகதி ‘கட்டற்ற குடிவரவுக்கு எதிரான’ பிரேரணை 50.3 சதவீத வாக்குகளில் தப்பிப் பிழைத்து நிறைவேறியது. அதே ஆண்டு ஜூன் 25ஆம் திகதி, உலகக்கிண்ணத்தில், பிரேசிலின் மனாவுஸ் நகரில் ஹொண்டுராசுக்கு எதிராக சுவிஸ் 3–0 என்று வென்றது. மூன்று கோல்களையும் போட்டவர் ஜெர்தான் ஷாக்கிரி. கொசோவோவின் ஜிலானில் பிறந்து, பாசலுக்குப் பக்கத்தில் ஆவுக்ஸ்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தகப்பனார் முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினார், பிறகு வீதி வேலைக்குப் போனார். தாயார் அலுவலகக் கட்டடங்கள் துப்புரவு செய்தார். இந்த வரியை வாசிக்கும் சுவிஸ் தமிழர் பலருக்குத் தங்கள் வீட்டுக் கதையை யாரோ எழுதிவிட்டதுபோல் இருக்கும்.

திறமை எங்கும் பிறக்கும். அதைச் சலித்தெடுக்கும் ஏற்பாடு எங்கும் இருப்பதில்லை. சுவிசின் ஏற்பாடு அடிமட்டத்தில் மிகச் சாதாரணமானது, அதுதான் அதன் பலம். நாடு முழுவதும் சுமார் 1,400 கழகங்கள். ஏறத்தாழ ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு புல்தரை, ஒரு உடைமாற்றும் அறை, சனிக்கிழமை சொசேஜ் சுடும் ஒரு சிறு கடை. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளை ஜி பிரிவில் சேர்ப்பார்கள்; அங்கிருந்து எஃப், ஈ, டி என்று மேலே ஏறும். பயிற்றுவிப்பவர் பெரும்பாலும் இன்னொரு பிள்ளையின் தகப்பனாகவோ தாயாகவோ இருப்பார், சம்பளம் இல்லை. 1972இல் தொடங்கிய ‘யூகெண்ட் உண்ட் ஸ்போர்ட்’ என்ற கூட்டாட்சித் திட்டம் அந்தத் தகப்பனுக்குப் பயிற்சி கொடுத்து, கழகத்துக்கு மானியமும் தருகிறது. ஆண்டுச் சந்தா சில நூறு பிராங்குகள். பத்து, பன்னிரண்டு வயதில் பிராந்தியத் தெரிவாளர்களின் கண்ணில் பட்டால் பெரிய கழகத்தின் இளையோர் பிரிவு கூப்பிடும்.

1995இல் சுவிஸ் சங்கத்தின் தொழில்நுட்ப இயக்குநராக வந்த ஹான்ஸ்ருடி ஹாஸ்லர் இதற்கு மேல் ஒரு மாடி கட்டினார். இளையோர் பயிற்சியாளர்களுக்கு முழுநேரச் சம்பளம், மொழிப் பகுதிகளுக்கேற்ப பயிற்சி நிலையங்கள், எல்லா வயதுத் தேசிய அணிகளுக்கும் ஒரே ஆட்ட முறை. விளம்பரதாரரான கிரெடிட் சுவிஸ் வங்கியின் பணத்தில் பாதி இளையோருக்கு என்று எழுதிவைத்தார்கள். அந்த வங்கியே 2023இல் கவிழ்ந்து போட்டிக்கார வங்கியின் கையில் போய்ச் சேர்ந்தது. அது போட்ட பணத்தில் ஒழுங்காகப் பலன் தந்த முதலீடுகளில் இதுவும் ஒன்று என்று சொல்லலாம். 2002இல் 17 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கிண்ணம். 2009இல் அதே வயதுப் பிரிவின் உலகக்கிண்ணம்: நைஜீரியாவில், அபுஜா அரங்கில், போட்டியை நடத்திய நைஜீரியாவையே 1–0 என்று வென்றார்கள். ஒரே கோலைப் போட்டவர் ஹாரிஸ் செஃபரோவிச். அணியில் ரிக்கார்டோ ரொட்ரிகெஸ் இருந்தார், ஜாக்கா இருந்தார். பொஸ்னியா, சிலி, கொசோவோ என்று பெற்றோரின் ஊர்களை வரிசையாகச் சொன்னால் புவியியல் பாடமாகிவிடும்.

இனி ஜாக்காவின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். இந்த ஏற்பாடு எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை வேறொன்றில்லை.

பாசலில் 1992 செப்டம்பர் 27 அன்று பிறந்தார். ஒன்றரை வயது மூத்த அண்ணன் தவுலாண்டோடு கொன்கோர்டியா பாசல் என்ற சிறு கழகத்தில் ஆடத் தொடங்கினார். தேசிய அணிக்குப் போன ஹக்கான் யாக்கின், முராட் யாக்கின் சகோதரர்களும் அந்தக் கழகத்தில் தொடங்கியவர்கள்தான். பத்து வயதளவில் அண்ணனும் தம்பியும் எஃப்.சி. பாசலுக்குப் போனார்கள். இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும். ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விற்கப்பட்டால் விலையில் ஐந்து சதவீதத்தை, அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்பது ஃபிஃபா விதி. பத்து வயதில் விட்டுப்போன பிள்ளைக்காகக் கொன்கோர்டியாவுக்கு அந்த விதியில் ஒரு சல்லியும் கிடையாது. பந்தை எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொடுத்த கழகத்துக்குக் கிடைப்பது பெருமை மட்டும்தான். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். சிறு கழகங்கள் பல நகரங்களில் இடம் போதாமல் பிள்ளைகளைக் காத்திருப்புப் பட்டியலில் வைக்கும் காலத்தில் இது வெறும் தார்மீகக் கேள்வியும் அல்ல.

பாசலின் முதல் அணிக்கு அவர் 2010 ஜூலையில் வந்தார். பதினேழு வயது. ஹங்கேரியின் டெப்ரெசென் அணிக்கு எதிரான சம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று ஆட்டம்; அன்றே ஒரு கோலும் போட்டார். அடுத்த ஆண்டு ஜூன் 4ஆம் திகதி லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தேசிய அணியில் முதல் ஆட்டம், 2–2. டிசெம்பரில் பாசல் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைட்டெட்டை 2–1 என்று வென்று சம்பியன்ஸ் லீக்கை விட்டே வெளியேற்றியது. ஷாக்கிரியும் ஜாக்காவும் அந்த மத்தியகளத்தில் ஆடினார்கள். சேர்ந்து இரண்டு லீக் பட்டமும் ஒரு கிண்ணமும் வென்றுவிட்டு 2012 கோடையில் இருவரும் ஜேர்மனிக்குப் போனார்கள். ஷாக்கிரி பயேர்ன் மியூனிக்குக்கு. ஜாக்கா மொன்சென்கிளாட்பாக்குக்கு.

இந்த இரண்டு தெரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு முழுக் கட்டுரை எழுதலாம். ஷாக்கிரி பெரிய வீட்டுக்குப் போனார். 2013இல் மூன்று பட்டங்களையும் வென்ற அணியில் இருந்தார், ஆனால் பெரும்பாலும் மாற்று வீரராக. பிறகு இன்டர் மிலான், 2015இல் ஸ்டோக், அது 2018இல் பிரிவு இறங்கியதும் லிவர்பூல். அங்கே 2019 சம்பியன்ஸ் லீக், 2020 பிரீமியர் லீக். அலமாரியில் கிண்ணத்துக்குக் குறைவில்லை. தேர்ச்சியில் சுவிஸ் கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரர் அவர் என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனாலும் எந்தப் பெரிய கழகத்திலும் அவரைச் சுற்றி ஓர் அணி கட்டப்படவில்லை. ஜாக்கா போன இடம் நடுத்தரமானது. பயிற்சியாளர் லூசியன் ஃபாவ்ர், சுவிஸ்காரர், கண்டிப்பானவர். முதல் பருவத்தில் ஜாக்காவை வெளியே உட்கார வைத்தார். வாய் நீளம், பொறுமை குறைவு என்று பத்திரிகைகள் எழுதின. அவர் அங்கேயே இருந்து இடத்தை மீட்டார். 2015இல் கழகம் மூன்றாம் இடம் பிடித்து சம்பியன்ஸ் லீக்குக்குப் போயிற்று. அதே ஆண்டு இருபத்து மூன்று வயதில் அணித்தலைவரானார். மத்தியகள வீரரின் தொழில் வாரா வாரம் ஆடினால்தான் கைவரும். முன்கள வீரர் கடைசி இருபது நிமிடம் இறங்கி ஒரு கோல் போட்டுப் பெயர் வாங்கிவிடலாம். மத்தியகளத்தில் நிற்பவருக்குத் தொண்ணூறு நிமிடமும் பத்துப் பேரின் இருப்பிடத்தை மனதில் வைத்திருக்கும் பழக்கம் வேண்டும். உட்காரும் வாங்கில் இருந்து அதைக் கற்க முடியாது.

2016இல் ஆர்சனல். அந்தக் கோடையில் பிரான்சின் லென்ஸ் நகரில் சுவிசும் அல்பேனியாவும் மோதின. தம்பி ஒரு பக்கம், அண்ணன் மறு பக்கம். ஐரோப்பியக் கிண்ணத்தில் சகோதரர்கள் எதிரெதிரே ஆடியது அதுவே முதல் தடவை. தாயார் இரண்டு நாட்டுக் கொடிகளையும் ஒட்டுப்போட்ட பனியன் அணிந்து வந்திருந்தார். சுவிஸ் 1–0. இரண்டு ஆண்டு கழித்து கலினின்கிராட்டில் செர்பியாவுக்கு எதிரான உலகக்கிண்ண ஆட்டத்தில் ஜாக்காவும் ஷாக்கிரியும் ஆளுக்கொரு கோல் போட்டு, இரு கைகளையும் கோத்து அல்பேனியாவின் இரட்டைத் தலைக் கழுகைக் காட்டினார்கள். ஃபிஃபா இருவருக்கும் 10,000 பிராங்கு அபராதம் விதித்தது. சுவிசில் அதற்குமேல் வாதம் எழுந்தது. சங்கத்தின் பொதுச்செயலாளர் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைத் தேசிய அணிக்கு எடுக்கலாமா என்ற கேள்வியை ஒரு செவ்வியில் எழுப்பினார். கொஞ்ச நாளில் பதவியை விட்டுப் போனார். அப்படியொரு தடை உண்மையிலேயே இருந்திருந்தால் அணிக்குப் பதினொரு பேர் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்திருக்கும்.

இலண்டனில் ஜாக்காவுக்கு ஏழு ஆண்டுகள், ஏறத்தாழ 300 ஆட்டங்கள். அவற்றில் ஒன்றை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2019 அக்டோபர் 27, கிரிஸ்டல் பாலஸ் ஆட்டம். மாற்று வீரருக்காக அணித்தலைவர் மெதுவாக நடந்து வெளியேறினார். சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். அவர் கையைக் காதில் வைத்துக் காட்டி, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனார். ஒன்பது நாளில் தலைவர் பதவி பறிபோனது. பெட்டி கட்டிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். புதிதாக வந்த பயிற்சியாளர் மிக்கேல் ஆர்தெத்தா அவரைப் போகவிடவில்லை. 2022–23 பருவத்தில் தற்காப்புக்கு முன்னால் நின்ற இடத்திலிருந்து இடப்பக்கமாக மேலே ஏற்றினார். எதிரணிப் பெட்டிக்குள் போகும் வேலை கிடைத்ததும் ஒரே பருவத்தில் லீக்கில் ஏழு கோல் போட்டார். கடைசி ஆட்டத்தில் இரண்டு. கூச்சலிட்ட அதே அரங்கு எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பியது.

அடுத்தது லெவர்குசன். முப்பது வயதில் ஜேர்மனிக்குத் திரும்புவதை இறங்குமுகம் என்றார்கள். 2023–24இல் சபி அலோன்சோவின் அந்த அணி 28 வெற்றி, 6 சமநிலை, தோல்வியே இல்லாமல் ஜேர்மன் லீக்கை வென்றது. அந்த லீக்கின் வரலாற்றில் முன்பு யாரும் செய்யாதது. ஜேர்மன் கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோலும் ஜாக்காவின் இடக்காலிலிருந்து, பெட்டிக்கு வெளியிலிருந்து வந்தது. 2025இல் பிரீமியர் லீக்குக்கு மீண்டும் ஏறிவந்த சண்டர்லாண்டுக்குப் போய் அங்கே உடனே அணித்தலைவரானார். தேசிய அணிக்கு ஐரோப்பியக் கிண்ணத்தில் 2021 ஜூன் 28, புக்காரெஸ்ட்: உலகச் சம்பியன் பிரான்சுக்கு எதிராக 1–3 என்று பின்தங்கி, 3–3 ஆக்கி, பெனால்ட்டியில் வென்ற இரவு. ஆட்ட நாயகன் ஜாக்கா. அடுத்த காலிறுதியில் மஞ்சள் அட்டைத் தடையால் அவர் இல்லை, சுவிஸ் ஸ்பெயினிடம் பெனால்ட்டியில் தோற்றது.

எல்லோருக்கும் இதே பாதை என்று எண்ணிவிடக் கூடாது. சூரிச் மாநிலத்தவரான ஷானி தராஷாய் 2016 ஜனவரியில் கிராஸ்ஹொப்பரிலிருந்து எவர்ட்டனுக்கு விற்கப்பட்டார்; அங்கே முதல் அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, இரவலாக ஊர் ஊராகப் போனார். இங்கிலாந்துப் பணம் இளம் வயதில் வந்தால் வரமல்ல. மறுமுனையில் ரேமோ ஃப்ராய்லர்: கிளாருஸ் மலைப் பள்ளத்தாக்குக்காரர், இரண்டாம் பிரிவில் வின்டர்தூர் அணியில் தேய்ந்து, லுசேர்ன் வழியாக, இருபத்து மூன்று வயதில்தான் இத்தாலியின் அத்தலாந்தாவுக்குப் போனார். பிறகு நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ட், பொலோஞா. 2025இல் இத்தாலியக் கிண்ணம். ஃபாபியன் ஃப்ரை ஜேர்மனிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, பாசலுக்காக வரலாற்றிலேயே அதிக ஆட்டங்கள் ஆடியவராக நின்றார். ஷாக்கிரியும் 2024இல் வீடு திரும்பினார். அடுத்த ஆண்டே பாசல் லீக்கும் கிண்ணமும் வென்றது, லீக்கில் அதிக கோல் போட்டவரும் அவரே. முப்பத்து மூன்று வயதில், ஒரு மீட்டர் 69 சென்ரிமீட்டர் உயரத்தில்.

சுவிஸ் இழந்தவர்களும் உண்டு. ரைன்ஃபெல்டனில் பிறந்து, பாசல் கழகத்தில் வளர்ந்து, சுவிஸ் இளையோர் அணிகளில் ஆடிய இவான் ரக்கித்திச் 2007இல் பெற்றோரின் நாடான குரோவேசியாவைத் தெரிந்தார். பார்சலோனாவோடு 2015இல் மூன்று பட்டங்கள், 2018இல் உலகக்கிண்ண இறுதி. குடியுரிமையும் ஒரு தடைதான்: சுவிசில் பிறந்தால் மட்டும் அது தானாக வராது. பத்து ஆண்டு வதிவிடம், ஊராட்சியின் சம்மதம், மொழி, நேர்காணல் என்று படிகள். மூன்றாம் தலைமுறைக்கு இலகுவாக்கலாம் என்று 2017இல்தான் மக்கள் வாக்களித்தார்கள். ஊர் மக்கள் மனம் வைத்தால் எதிர்மாறாகவும் நடக்கும். மிட்ரோவிச்சாவில் பிறந்த வாலோன் பெஹ்ராமியின் குடும்பத்தைத் திருப்பி அனுப்ப அதிகாரிகள் ஆயத்தமானபோது, தெற்கே தெசின் மாநிலத்தின் ஸ்டாபியோ ஊரவர்கள் கையெழுத்து வைத்து மறித்தார்கள். அந்தப் பையன் நான்கு உலகக்கிண்ணங்களில் சுவிசுக்காக ஆடிய முதல் வீரரானான்.

பெண்கள் பக்கமும் இதே கதை பிந்தி, ஆனால் வேகமாக நடக்கிறது. எம்மென்தால் பிரதேசத்தின் லாங்னாவில் பிறந்த லியா வேல்ட்டி 2018 முதல் 2025 வரை ஆர்சனல் மத்தியகளத்தில் நின்றார், தேசிய அணித்தலைவர். 2025 ஐரோப்பியக் கிண்ணம் சுவிசில் நடந்தபோது ஜெனீவாவில் பின்லாந்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் சமன் செய்து நாட்டை முதன்முறை காலிறுதிக்கு அனுப்பியவர் ரியோலா ஜெமாய்லி. சொலோத்தூர்ன் பெண், அல்பேனியக் குடும்பம், மத்தியகளம். பேர்னில் ஸ்பெயின் 2–0 என்று வழிமறித்தது. பாசலில் ஜூலை 27 அன்று கிண்ணத்தைத் தூக்கியவர்கள் ஆங்கிலேயப் பெண்கள். போட்டித் தொடரைப் பார்க்க அரங்குகளுக்கு வந்தவர்கள் 657,291 பேர், ஐரோப்பியச் சாதனை.

இப்போது எங்களிடம் வருவோம்.

சுவிசில் ஈழத்தமிழர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் என்பது வழக்கமான மதிப்பீடு. 1983க்குப் பிறகு வந்து குவிந்தோம். பந்து எங்களுக்குப் புதிதல்ல. இளவாலை ஹென்றியரசர் கல்லூரியும் யாழ் பத்திரிசியார் கல்லூரியும் குருநகர் பாடும்மீன் கழகமும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த தகப்பன்மார்தான் இங்கே சமையலறைகளில் நின்றார்கள். தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்பிள்ளைகள் இலங்கை மட்டத்தில் கிண்ணம் வென்றவர்கள். இங்கும் ஊர்ப் பெயரிலும் தாயக நினைவிலும் கழகங்கள் கட்டினோம். கோடையில் கொத்துரொட்டி வாசனையோடு நாள் முழுதும் சுற்றுப்போட்டி நடக்கிறது. நாடற்றவர்களின் கோனிஃபா உலகக்கிண்ணத்தில் 2014இல் சுவீடனின் ஒஸ்டர்சுண்டிலும் 2018இல் இலண்டனிலும் தமிழீழ அணி ஆடியது. ஆனால் சுவிஸ் தேசிய ஆண்கள் அணியில் ஒரு தமிழ்ப் பெயர் இன்னும் வரவில்லை.

உடல்வாகு போதாது என்று சொல்பவர்களுக்கு ஷாக்கிரியின் உயரத்தை மேலே எழுதிவிட்டேன். எண்ணிக்கையும் காலமும் நியாயமான காரணங்கள். அல்பேனிய மொழி பேசுவோர் எங்களைவிடப் பல மடங்கு அதிகம். அவர்களின் முதல் தலைமுறை அறுபதுகளிலேயே பருவகாலக் கூலிகளாக வரத் தொடங்கிவிட்டது. அதற்கு மேல் சொல்லவேண்டியது எங்கள் சனிக்கிழமை. சுவிஸ் இளையோர் ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமையில். தமிழ்ப் பாடசாலையும் பெரும்பாலும் சனிக்கிழமையில். அன்று மாலை தகப்பனுக்கு உணவகத்தில் வேலை, தாய்க்கு வேறு முறை. வெளியூர் ஆட்டத்துக்கு நான்கு பிள்ளைகளைக் காரில் ஏற்றிப்போக ஒவ்வொரு பெற்றோருக்கும் முறை வரும். முறை தவறினால் பிள்ளை வாங்கில் இருக்கும். பன்னிரண்டு வயதில் தெரிவாளர் வரும் அதே ஆண்டுதான் பல மாநிலங்களில் பிள்ளை கிம்னாசியம் என்ற உயர்நிலைப் பள்ளிக்குப் போகுமா போகாதா என்ற கலக்கமும் வரும். பந்தைத் தள்ளி வைத்துப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தோம். அதன் பலனாக இன்று மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் படிப்பா பந்தா என்ற கேள்வியே இந்த நாட்டுக்குப் பொருந்தாது. விளையாட்டு வீரர்களுக்கென்றே நீட்டிய காலத்தோடு தொழிற்கல்வியும் வணிகப் படிப்பும் விளையாட்டு கிம்னாசியமும் இருக்கின்றன. கழகம் கைவிட்டாலும் கையில் சான்றிதழ் இருக்கும். எங்கள் சுற்றுப்போட்டிகள் உறவையும் நினைவையும் காப்பாற்றுகின்றன, தெரிவாளர்கள் அங்கே வருவதில்லை. இரண்டிலும் ஆடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊர்க் கழகத்தைத் தவிர்த்து எங்கள் கழகத்தில் மட்டும் ஆடியவர்களுக்குப் பதினாறு வயதுக்குப் பிறகு மேலே ஏற ஏணி கிடையாது. அந்த ஏணி கொன்கோர்டியா, ஆவுக்ஸ்ட், வோலன் போன்ற இடங்களிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆகவே தமிழ்ப் பாடசாலைகளை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: மாநில இளையோர் ஆட்ட அட்டவணையைப் பார்த்து, புதன் பிற்பகலிலும் ஒரு வகுப்பு வையுங்கள். பெற்றோருக்கு இன்னொன்று: மகனோ மகளோ ஆறு வயதில் பந்தின் பின்னால் ஓடினால், உங்கள் ஊராட்சிக் கழகத்தின் காத்திருப்புப் பட்டியலில் இந்த மாதமே பெயரைப் பதியுங்கள், கார் ஓட்டும் முறையிலும் உங்கள் பெயரைச் சேருங்கள்.